புழு எங்கே இருக்கிறது? அல்பெண்டசோலுக்குப் பாலிமர் தேடும் முன்

ஜூலை பிறந்தால் எம்.ஃபார்ம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு வருவார்கள். கையிலுள்ள தாளை வாங்கிப் பார்க்காமலே தலைப்பைச் சொல்லிவிடலாம்: அல்பெண்டசோல் என்ற புழு மருந்தின் கரைதிறனை, அதாவது அது நீரில் கரையும் அளவை, பாலிமர் கொண்டு மேம்படுத்துதல். அல்பெண்டசோல் இல்லையென்றால் மெபெண்டசோல், அதுவும் போன வருடத்து அண்ணன் எடுத்துவிட்டான் என்றால் பிராசிகுவாண்டல். “எந்தப் பாலிமர் எடுக்கலாம் சார்?” என்பது அடுத்த கேள்வி. “எந்தப் புழுவுக்கு?” என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடத்திட்டத்தில் பாலிமர் ஒரு தாளிலும் புழு வேறொரு தாளிலும் இருக்கின்றன.

ஆனால் பாலிமரை முடிவு செய்வது புழுதான். அது உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாமல் பிவிபியா, எச்பிஎம்சியா, போலாக்சமரா என்று மருந்தோடு சேர்க்கும் பாலிமர்களின் பெயர்களை விவாதிப்பது, ஊர் தெரியாமல் பஸ் டிக்கெட் எடுப்பது போன்றது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அல்பெண்டசோல் நடுநிலையான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம்தான் கரையும். வழக்கமான மாத்திரை 400 மி.கி. அதை முழுதாகக் கரைக்க வேண்டுமென்றால் 400 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு பெரிய எண்ணெய்ப் பீப்பாய்கள். மாத்திரையோடு நாம் குடிப்பது ஒரு தம்ளர், 250 மி.லி. இடைவெளி 1,600 மடங்கு. வயிற்று அமிலத்தில் இந்த மருந்து இன்னும் நன்றாகக் கரையும் என்பதால்தான் பிழைப்பு ஓடுகிறது. அப்படியும் வாய்வழி கொடுத்ததில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே உடம்பில் சேர்கிறது என்று பாடநூல்கள் சொல்லும். இந்த எண்ணைக் கண்டதும் மாணவர்களுக்குக் கை பரபரக்கும்.

பரபரக்க வேண்டியதில்லை. தேசியக் குடற்புழு நீக்க நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குக் கொடுப்பது இதே 400 மி.கி. மாத்திரையைத்தான், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. உருண்டைப் புழுவும் கொக்கிப் புழுவும் இருப்பது குடலின் உள்ளே. மருந்தும் குடலுக்குள்ளேயே நிற்கிறது. கரையாமல், ரத்தத்தில் சேராமல், புழுவின் பக்கத்திலேயே கிடப்பது இங்கே குறையே அல்ல. சொல்லப்போனால் அதுதான் பாதுகாப்பு. பல கோடிப் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனையோ மருத்துவரோ இல்லாமல் வரிசையில் நிறுத்தி ஒரு மாத்திரை கொடுக்க முடிகிறதென்றால், அது பெரும்பாலும் உடம்புக்குள் புகாமல் வெளியேறிவிடுகிறது என்பதும் ஒரு காரணம். இந்த மருந்தைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கச் சொல்கிறார்கள். வளரிளம் பெண்களும் நிற்கும் அந்த வரிசையில், ஐந்து மடங்கு உறிஞ்சப்படும் ‘மேம்பட்ட’ மாத்திரையைக் கொடுக்க நான் கைதூக்க மாட்டேன். நாடாப்புழுவுக்கான பழைய நிக்லோசமைடுக்கும் இதே நியாயம்தான். சாட்டைப் புழுவிடம் ஒற்றை மாத்திரை தோற்றுப்போகிறது என்பது உண்மை. அதற்கும் விடை ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதில் கிடைத்ததே தவிர, கரைதிறனில் அல்ல.

இந்த மருந்து பிறந்த கதையும் இதற்குப் பொருத்தம். 1970களின் தொடக்கத்தில் ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் கால்நடை மருந்துப் பிரிவில்தான் அல்பெண்டசோல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆடுமாடுகளுக்கு அசைபோடும் வயிறு இருக்கிறது. கரையாத தூள் அங்கே தங்கி, நிதானமாக ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மனிதனுக்கு அந்தத் தொட்டி இல்லை. நம் வயிறு இரண்டு மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடுகிறது.

அப்படியானால் கரைதிறன் எப்போது பிரச்சினையாகிறது? புழு குடலைவிட்டு வெளியேறித் திசுவுக்குள் குடியேறும்போது. பன்றி நாடாப்புழுவின் முட்டை உணவு வழியாக உள்ளே போய், அதன் இளம்பருவம் மூளையில் நீர்ப்பையாகத் தங்கினால் அது நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். பன்றி இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் வரும். கழுவாத கீரையும் சமைப்பவரின் கழுவாத கையும் போதும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறையினர் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து எழுதியிருப்பதால், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இது எங்கோ மெக்சிகோவின் நோய் என்று சொல்ல வழியில்லை. நாய் நாடாப்புழுவால் ஈரலில் வரும் ஹைடாடிட் கட்டி இன்னொன்று. அதற்கு 400 மி.கி. வீதம் தினம் இருவேளை, 28 நாள் கொடுத்து 14 நாள் இடைவெளி விட்டு, மீண்டும் ஒரு சுற்று என்று மாதக்கணக்கில் போகும்.

இங்கே மருந்து கரைய வேண்டும், குடல் சுவரைத் தாண்ட வேண்டும், ஈரலில் அல்பெண்டசோல் சல்ஃபாக்சைடாக மாற வேண்டும், பிறகு மூளைக்கோ கட்டிக்கோ போய்ச் சேர வேண்டும். புழுவைக் கொல்வது அந்த சல்ஃபாக்சைடு. அல்பெண்டசோல் என்ற பெயரில் ரத்தத்தில் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. ஆகவே ‘கரைதிறனை 40 மடங்கு உயர்த்தினோம்’ என்ற வாக்கியம் தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. சல்ஃபாக்சைடு எத்தனை மடங்கு உயர்ந்தது என்பதே கேள்வி. இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் திசுவில் இருக்கும் புழுவைப் பற்றியது.

பாலிமரே இல்லாத ஒரு தேர்வு இருக்கிறது. அதை எந்த ஆய்வேடும் போட்டியாளராகச் சேர்ப்பதில்லை. அதன் பெயர் நெய். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது: ஏறக்குறைய 40 கிராம் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால், வெறும் வயிற்றைவிட ஐந்து மடங்கு வரை சல்ஃபாக்சைடு ரத்தத்தில் சேர்கிறது. செலவில்லாமல் ஐந்து மடங்கு! மருந்தைப் பாலிமருக்குள் பரப்பிச் செய்யும் பல திண்மப் பரவல்கள் எலியிலும் முயலிலும் இதைத் தொடவே திணறுகின்றன. எனவே எந்தப் பாலிமர் வடிவத்தையும் வெறும் வயிற்று மாத்திரையோடு ஒப்பிடுவது ஏமாற்று. நெய்ச்சோற்றோடு கொடுத்த சாதாரண மாத்திரையோடு ஒப்பிட வேண்டும்.

ஆனால் 40 கிராம் கொழுப்பு என்றால் என்ன என்று ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்று மேசைக்கரண்டி நெய். அதுவும் ஒரு வேளைக்கு. நாளுக்கு இருவேளை, பத்துப் பதினான்கு நாட்கள். தலைவலியும் வாந்தியுமாகப் படுத்திருக்கும் ஒருவர் அதை இறக்குவாரா? காலையில் இரண்டு இட்லியோடு கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் அது நடக்குமா? இன்றைக்குக் கல்யாண விருந்து, நாளைக்குக் கஞ்சி என்றால் ரத்தத்திலுள்ள அளவும் அப்படியே ஆடும். இதோடு ஒரு சங்கடமும் சேர்கிறது. இந்த நோயாளிகளுக்கு வலிப்பு இருப்பதால் ஃபெனிடோயினோ கார்பமசெபினோ ஓடிக்கொண்டிருக்கும். அவை சல்ஃபாக்சைடு அளவைக் குறைப்பவை. வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெதசோன் அதை உயர்த்துவது. சராசரியை உயர்த்துவதைவிட ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை உள்ள ஆட்டத்தைக் குறைப்பதுதான் பாலிமரிடம் நாம் கேட்க வேண்டிய உதவி என்பது என் எண்ணம். உணவைச் சாராத வடிவம் ஒன்று கிடைத்தால் அதற்கு உண்மையான மதிப்பு உண்டு.

இனி பாலிமருக்கு வருவோம்.

கற்கண்டையும் பஞ்சுமிட்டாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சர்க்கரை. கற்கண்டில் மூலக்கூறுகள் அடுக்கி வைத்த செங்கல் போல ஒழுங்காக நிற்கின்றன. வாயில் போட்டால் நெடுநேரம் கிடக்கும். பஞ்சுமிட்டாய் உருகிய சர்க்கரை சட்டென்று குளிர்ந்து, அடுக்கப்பட நேரமில்லாமல் உறைந்த நிலை. நாக்கில் பட்டதும் மாயம். மருந்தையும் அப்படி உருவமற்ற நிலைக்குக் கொண்டுவந்தால் கரைதிறன் எகிறும். ஆனால் மழைநாளில் பஞ்சுமிட்டாயை உறையிலிருந்து எடுத்து வைத்தால் என்னாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஈரம் குடித்து, சுருங்கி, சிறிது நேரத்தில் மணல்மணலாகிவிடும். உருவமற்ற மருந்துக்கும் அதே ஆசை: மறுபடி படிகமாகிவிட வேண்டும். பாலிமரின் முதல் வேலை அதைத் தடுப்பது. இரண்டாவது வேலை குடலுக்குள். அங்கே கரைந்த மருந்து அளவுக்கு மீறிச் செறிந்திருக்கும். உடனே படிந்துவிடப் பார்க்கும். குலோப்ஜாமூன் பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூத்துப்போகாமல் இருக்கிறதல்லவா, அந்த வேலையைக் குடலில் செய்யும் பாலிமர் வேண்டும். ஒரே பாலிமர் இரண்டையும் நன்றாகச் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பிவிபி கே30 தான் கல்லூரிகளின் செல்லப்பிள்ளை. மலிவு, நீரிலும் மதுசாரத்திலும் கரையும், எந்த அலமாரியிலும் இருக்கும். காய்ந்த நிலையில் அதன் கண்ணாடி நிலைமாறு வெப்பநிலை, அதாவது கண்ணாடி போல இறுகியது இளகத் தொடங்கும் சூடு, 160 டிகிரிக்கும் மேல் என்பதால் மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ‘காய்ந்த நிலையில்’ என்பதைக் கவனியுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது உப்பைப் போல இழுக்கும். இழுத்த நீர் பிடியைத் தளர்த்திவிடும். நானே இதில் பட்டிருக்கிறேன். ஏப்ரலில் செய்த ஒரு அல்பெண்டசோல் பிவிபி மாதிரி எக்ஸ்-கதிர் சோதனையில் ஒரு கூர்முனைகூட இல்லாமல் வழுவழுப்பான மேடாக வந்தது. படத்தைச் சுவரில் ஒட்டிப் பெருமைப்பட்டோம். நவம்பர் மழையில் அதே குப்பியைத் திறந்து மறுபடி எடுத்தபோது படிகத்தின் முனைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் எப்போதோ நீலம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தது, யாரும் மாற்றவில்லை.

எச்பிஎம்சியை மாற்றியமைத்துச் செய்த எச்பிஎம்சிஏஎஸ் இன்றைய தொழிற்சாலைகளின் விருப்பம். ஈரம் குறைவாகவே குடிக்கும். 120 டிகிரி சுற்றில் கண்ணாடி நிலைமாற்றம். அமிலம் குறைந்த குடலில் கரைந்து, மருந்து படிவதை நெடுநேரம் தடுக்கும். பூஞ்சை மருந்தான போசகோனசோல் மாத்திரை, நுரையீரல் மரபணு நோய்க்கான ஐவகாஃப்டர் எல்லாம் இதன் தோளில் ஏறி வந்தவை. சாதாரண எச்பிஎம்சிக்கும் படிவைத் தடுக்கும் குணம் உண்டு. அது வயிறு, குடல் இரண்டிலும் கரையும். அல்பெண்டசோல் வயிற்று அமிலத்தில் கொஞ்சம் கரைந்துவிடுகிற மருந்து என்பதால், வயிற்றிலேயே விழித்திருக்கும் எச்பிஎம்சி குறைத்து மதிப்பிடப்படுகிறது என்பேன். விலையும் அதற்குச் சாதகம்.

பெக் 6000, போலாக்சமர் 188 இரண்டும் வேறு சாதி. 50, 60 டிகிரியில் உருகிவிடும். கரைப்பான் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம், தண்ணீர்த் தொட்டிச் சூட்டில் கிளறினால் போதும். ஆனால் அல்பெண்டசோல் அந்த உருகலில் கரைவதில்லை. பெரும்பகுதி படிகமாகவே அதில் சிதறிக் கிடக்கும். கிடைக்கும் லாபம் நனைவதில்தான்: தண்ணீரைக் கண்டு ஒதுங்கும் தூளை அது தண்ணீரோடு சேர்த்து வைக்கிறது. அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் உள்ள மருந்தாக்கக் குழுவினர் போலாக்சமர், சிட்டோசன் போன்ற எளிய பொருள்களை வைத்து இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். பகட்டில்லாத வேலை. மழைக்காலத்தில் கெட்டுப்போகப் படிகமல்லாத எதுவும் அதில் அதிகம் இல்லை என்பதே அதன் பலம்.

பாலிமரைவிட முறை பெரிய தலைவலி. அதில் அல்பெண்டசோல் காட்டும் பிடிவாதத்தைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தலைப்பின் மேல் வெறுப்பு வரும்.

உருக்கிப் பிழியும் முறையில் கரைப்பான் தேவையில்லை. முறுக்குப் பிழிவது போல, சூடான இரட்டைத் திருகு உருளைக்குள் மருந்தையும் பாலிமரையும் தள்ளி நூலாக வெளியே எடுப்பது. இந்த முறையின் பெருமைக்கு ஒரு சான்று எச்.ஐ.வி. மருந்தான லோபினவிர்-ரிடோனவிர். குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருந்த மென்மையான கேப்சூல், 2005இல் கோபோவிடோன் பாலிமரில் உருக்கிப் பிழிந்த மாத்திரையாக மாறி, வெப்ப நாடுகளின் அலமாரிகளில் குளிர்பெட்டியில்லாமல் உட்கார்ந்தது. அதைப் படித்துவிட்டு அல்பெண்டசோலையும் பிழியலாம் என்று கிளம்பினால், அது உருகுவதே 208 டிகிரிச் சுற்றில், அதுவும் சிதைந்துகொண்டே. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: உருக்கிப் பிழிதல் அல்பெண்டசோலைச் சிதைக்கிறது. மருந்தின் பங்கைக் குறைத்து, குறைந்த மூலக்கூறு எடையுள்ள பிவிபி கே12இல் பிழிந்தவர்களும் உண்டு. ஆனால் பத்து சதவீதம் மருந்து என்றால் 400 மி.கி.க்கு 4 கிராம் தூள். அதை மாத்திரை என்று சொல்வதற்கில்லை, பலகாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தெளித்து உலர்த்தும் முறையில் சூடு பிரச்சினையில்லை, கரைப்பான்தான் பிரச்சினை. அல்பெண்டசோல் நீரில் மட்டுமல்ல, மெத்தனால், டைகுளோரோமீத்தேன் போன்ற வழக்கமான கரைப்பான்களிலும் அரைமனதாகவே கரையும். ஃபார்மிக் அமிலத்தில் நன்றாகக் கரையும். அது கையையும் கருவியையும் அரிக்கும். மெத்தனாலில் சிறிது அமிலம் சேர்த்து ஓட்டுவார்கள். மிச்சக் கரைப்பானுக்குச் சர்வதேச வரம்பு மெத்தனாலுக்குப் பத்து லட்சத்தில் 3,000 பங்கு, டைகுளோரோமீத்தேனுக்கு 600 பங்கு. இதைத் தாண்டாமல் உலர்த்தும் வசதி இருந்தால் இதுவே நல்ல வழி; இல்லாத கல்லூரியில் பெட்ரி தட்டில் ஊற்றி ஆவியாக்கி, சுரண்டியெடுத்து, ‘கரைப்பான் ஆவியாக்க முறை’ என்று எழுதிவிடுகிறோம். அதைத் தொழிற்சாலைக்கு யாரும் கொண்டுபோக முடியாது.

மூன்றாவது, ஈர அரைப்பு. கிரைண்டரில் உளுந்து அரைப்பதுபோல, சிர்கோனியா மணிகளோடும் தண்ணீரோடும் மருந்தை அரைத்து 200 நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுவருவது. 50 மைக்ரோமீட்டர் துகள் 0.2 மைக்ரோமீட்டர் ஆனால் மேற்பரப்பு 250 மடங்கு. பாலிமருக்கு இங்கே சிறிய வேடம்தான்: போலாக்சமரோ எச்பிசியோ கொஞ்சம் சேர்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. மருந்து படிகமாகவே இருப்பதால் திரும்பிப் படிகமாகும் பயமில்லை. மாத்திரையில் மருந்தின் பங்கும் அதிகம். ஒரு உண்மையை மறைக்கக் கூடாது: கரையும் வேகம் கூடுமே தவிர, கரைதிறன் பெரிதாகக் கூடாது. 1,600 மடங்கு பள்ளத்தை இது நிரப்பாது. வயிற்றில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் அமிலத்தில் வேகமாகக் கரைத்துவிடுவதுதான் இதன் தந்திரம். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அந்தத் தந்திரம் பலிக்காது.

சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பாலிமர் என்று சொல்வது சற்று இழுத்துப் பிடிப்பதுதான், குளுக்கோஸ் வளையம். ஒரு மருந்து மூலக்கூறை ஒரு வளையம் ஏந்திக்கொள்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 400 மி.கி. அல்பெண்டசோலுக்கு ஹைட்ராக்சிபுரோப்பைல் வகை வளையம் குறைந்தது 2.1 கிராம் வேண்டும். மாத்திரைக்கு ஆகாது. விழுங்கத் தெரியாத குழந்தைக்குத் திரவ மருந்தாகத் தர வேண்டுமென்றால் மட்டும் இதை யோசிக்கலாம். இட்ராகோனசோல் வாய்க்கரைசல் அப்படி வந்ததுதான்.

சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. அல்பெண்டசோல் மாத்திரைக்கான அமெரிக்க மருந்துநூல் கரைவுச் சோதனை 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 900 மி.லி.யில் நடக்கிறது. அமிலத்தில் எல்லா வடிவமும் ஜம்மென்று கரையும், எல்லா வரைபடமும் அழகாக வரும், எல்லா ஆய்வேடும் தேறிவிடும். மாத்திரையின் தரத்தைச் சரிபார்க்க அது போதும். பாலிமர்களுக்குள் தேர்வு செய்ய அது உதவாது. அரை மணி நேரம் அமிலத்தில் சுற்றவிட்டு, பிறகு பாஸ்பேட் சேர்த்து அமில-கார அளவை (பிஎச்) குடலில் உள்ளதுபோல 6.8க்கு உயர்த்தி, அடுத்த இரண்டு மணி நேரம் என்ன படிகிறது என்று பாருங்கள். பிவிபியும் எச்பிஎம்சியும் பிரியும் இடம் அதுதான். கூடவே, மருந்தையும் பாலிமரையும் வெறுமனே கலந்த கலவையையும் ஓட்ட வேண்டும். பல வேளைகளில் அந்தக் கலவையே பாதி தூரம் ஓடிவிடுவதைக் கண்டு, ஆறு மாத உழைப்பைப் பற்றிய கசப்பான சந்தேகம் எழும். எழட்டும்.

வேறு இரண்டு மருந்துகளையும் தொட்டுவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் அவை அல்பெண்டசோலுக்கு நேர்மாறான பாடம் தருகின்றன.

பிராசிகுவாண்டல் செய்முறைக்கு இணக்கமான பிள்ளை. 140 டிகிரிக்குள் உருகும், மதுசாரத்தில் கரையும், எந்த முறைக்கும் மறுப்புச் சொல்லாது. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு கட்டுரைகள். ஆனால் அதன் கரைதிறன் மில்லிலிட்டருக்கு 0.4 மி.கி. அளவில் இருக்கிறது, குடலில் உறிஞ்சப்படுவதும் நன்றாகவே நடக்கிறது. மருந்தை வீணடிப்பது ஈரல். முதல் சுற்றிலேயே பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது. கரைதிறனை உயர்த்தி ஈரலிடம் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன பயன்? உருவமற்ற பிராசிகுவாண்டலின் கண்ணாடி நிலைமாறு வெப்பநிலையும் 38 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மே மாத மதியம் சென்னையில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். ஆப்பிரிக்காவில் நத்தைக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஷிஸ்டோசோமியாசிஸ் உள்ள சிற்றூர்களில் இந்த மருந்தின் உண்மையான தொல்லை வேறு: 600 மி.கி. பெரிய மாத்திரை, சகிக்க முடியாத கசப்பு. இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று பிம்பமான மூலக்கூறின் இரண்டு வடிவங்களில் கசப்பில் பெரும்பங்கு வேலை செய்யாத வடிவத்தினுடையது. அதை நீக்கிவிட்டு, வேலை செய்யும் வடிவத்தை மட்டும் வைத்து, நீரில் கரைத்துக் கொடுக்கும் 150 மி.கி. மாத்திரையாக அர்பிராசிகுவாண்டல் வந்திருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2023 டிசம்பரில் சாதகமான கருத்தை அளித்தது. பாலிமர் பேச வேண்டிய இடம் இங்கே கசப்பை மூடுவதில் இருக்கலாம், கரைதிறனில் இல்லை.

லுமேஃபான்ட்ரின் மலேரியா மருந்து. அங்கே பாலிமர் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறது. கொழுப்பான உணவோடு எடுத்தால் 16 மடங்கு வரை கூடுதலாக உறிஞ்சப்படும் மருந்து அது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை சாப்பிடாது. அங்கேயே சிக்கல் தொடங்குகிறது. வழக்கமான கூட்டு மாத்திரையில் பெரியவருக்கு மூன்று நாளில் 24 மாத்திரைகள். லுமேஃபான்ட்ரினைத் திண்மப் பரவலாக மாற்றி, கனாப்ளசைடு என்ற புதிய மருந்தோடு சேர்த்து, நாளுக்கு ஒரே வேளையாக மூன்று நாள் கொடுக்கும் வடிவத்தை நோவார்ட்டிஸ் நிறுவனமும் மலேரியா மருந்துக்கான எம்எம்வி அமைப்பும் உருவாக்கின. மூன்றாம் கட்டச் சோதனையில் அது பழைய மருந்துக்குக் குறையாத பலன் தந்ததாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். மருந்தாக்கத் துறையில் கரையாத மருந்துகளைச் செங்கல் தூள், எண்ணெய்ப் பிசுக்கு என்று இரண்டாகப் பிரிப்பதுண்டு. லுமேஃபான்ட்ரின் எண்ணெய்ப் பிசுக்கு, தண்ணீர்தான் பகை. அல்பெண்டசோல் செங்கல் தூள். தண்ணீர், எண்ணெய், உருகல் எல்லாமே பகை. ஒன்றின் வெற்றியைக் காட்டி மற்றதற்கு நிதி கேட்கும் விண்ணப்பங்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஆக, என் கையில் முடிவு இருந்தால்? குடற்புழு நீக்கத்துக்கு இப்போதுள்ள மென்று தின்னும் மாத்திரையை மாற்ற மாட்டேன். மூளை, ஈரல் கட்டிகளுக்கு, தெளிப்பு உலர்த்தியும் கரைப்பான் வசதியும் உள்ள நிறுவனமாக இருந்தால் எச்பிஎம்சிஏஎஸ், மருந்தின் பங்கு 25 சதவீதம், 400 மி.கி.க்கு 1.6 கிராம் தூள், அதாவது வேளைக்கு இரண்டு பெரிய மாத்திரைகள் என்பதை ஏற்றுக்கொண்டு. உறிஞ்சப்படுவது கூடினால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதையும், வெள்ளணுக் குறைவும் ஈரல் நொதி உயர்வும் கண்காணிக்கப்பட வேண்டியவை என்பதையும் முதல் நாளே மருத்துவர்களோடு பேசிவிட்டு. உப்பு, ஈரம், சூடு மூன்றும் நிரம்பிய ஊரில் அலுமினியக் கொப்புள அட்டையும் சேர்த்துத்தான் அந்த விலை.

கல்லூரி ஆய்வகமாக இருந்தால் ஈர அரைப்புதான். போலாக்சமர் நிலைநிறுத்தியாக, உலர்த்தும்போது எச்பிஎம்சி சேர்த்து. வரைபடத்தில் 40 மடங்கு என்று பளிச்சிடாது. ஆனால் நவம்பரில் திறந்து பார்த்தாலும் ஏப்ரலில் இருந்ததே இருக்கும். தேர்வாளர் “இதில் புதுமை எங்கே?” என்று கேட்பார், அமிலத்திலிருந்து 6.8க்கு மாற்றிய வரைபடத்தைக் காட்டினால் போதும்.

இந்த வருடம் வந்த பெண் பிள்ளை இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் நெய்யையும் ஒரு பிரிவாகச் சேர்க்கலாமா சார்?” என்றாள். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எலிகளுக்கான நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் நான்கு பிரிவுகள் எழுதியிருக்கிறோம்: வெறும் வயிற்றில் சாதாரண மருந்து, நெய்யோடு சாதாரண மருந்து, வெறும் வயிற்றில் அரைத்த மருந்து, நெய்யோடு அரைத்த மருந்து. அளப்பது சல்ஃபாக்சைடு. முதல் அரைப்பு ஆகஸ்டில். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஒரு மாதிரியை மூடாத தட்டில் ஜன்னலோரம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.